கேளுங்கள், சொல்கிறேன்: தம்புரா ஓடும்போது டேப்பை எங்கே வெட்டுவது?

போன இதழில் நான் வானொலியில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை இசை விமர்சனம், ஒலிபரப்பு பற்றிய கேள்விகள் மட்டும்.

அம்மா, நான் பி.காம். முடித்திருக்கிறேன். ஆறு வருஷம் மிருதங்கம் கற்றேன். இசை விமர்சகராக வேண்டும் என்று ஆசை. எதைப் படிக்க வேண்டும், எங்கே சேர வேண்டும்?
(வாசகர், தண்டையார்பேட்டை)

தம்பி, இதற்கென்று ஒரு வாசல் கிடையாது. நான் வந்த வழியைச் சொல்கிறேன், உங்களுக்கு ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, வீடு பழைய வண்ணாரப்பேட்டை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தம்புச் செட்டித் தெருவில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் போனேன். சபாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் அங்கே அச்சாகும். ராகப் பெயர்களில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சுத்த சாவேரி வேறு, சாவேரி வேறு என்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலை முடிந்ததும் ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு நடந்தே போக ஆரம்பித்தேன். நான் திருத்திய நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, பாடுகிறதையும் அச்சில் இருக்கிறதையும் ஒட்டிப் பார்ப்பேன். மூன்று வருஷம் அப்படிப் போனது. அப்புறம் வானொலியில் தற்காலிக உதவியாளர், பிறகு தயாரிப்பாளர், கடைசியில் பத்திரிகையில் இசைப் பக்கத்தின் ஆசிரியர்.

ஆறு வருஷ மிருதங்கம் பெரிய முதல். தாளத்தில் பாடுபவர் எங்கே தடுமாறினார் என்று உங்களுக்கு உடனே தெரியும், என்னால் அது முதல் ஐந்து வருஷம் முடியவில்லை. ஒரு நோட்டு வாங்குங்கள். என்ன உருப்படி (பாட்டு), என்ன ராகம், என்ன தாளம், மணி எத்தனை. இந்த நான்கையும் எழுதுங்கள். அபிப்பிராயத்தை வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். கடைசியில் மங்களம் பாடும்வரை அரங்கை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பாடுகிறவர் பாடுகிறார், இயந்திரம் பதிவு செய்கிறது. நடுவில் வானொலித் தயாரிப்பாளருக்கு என்ன வேலை?
(வாசகி, கொருக்குப்பேட்டை)

நல்ல கேள்வி. என் மாமியாரும் இதையேதான் கேட்பார்.

நான் சேர்ந்த காலத்தில் எல்லாம் ஸ்பூல் டேப். அது நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். 1,200 அடிச் சுருள் ஒன்று அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே வரும். தாளம் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையின் நடுவே பாடகருக்கு இருமல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நொடி இருமல், டேப்பில் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினால் போதும் என்று நினைத்தேன். ஒட்டிப் போட்டுக் கேட்டால் பாட்டு சரியாக இருக்கிறது, பின்னால் சுருதிக்கு மீட்டும் தம்புரா நொண்டுகிறது.

தம்புராவுக்கு நாலு தந்தி. முதலில் பஞ்சமம் (ப), அப்புறம் ஷட்ஜம் (ஸ) ஒலிக்கும் இரண்டு சாரணைத் தந்திகள், கடைசியில் கீழ் ஸ்தாயியில் மந்தர ஷட்ஜம். ப, ஸ, ஸ, ஸ என்று அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்பவர் யாரும் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள், ஆனால் ப, ஸ என்று வந்து உடனே இன்னொரு ப வந்தால், சமையல் செய்துகொண்டிருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அங்கே இருந்த மூத்த தயாரிப்பாளர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு சுருளையும் இரண்டு கையால் பிடித்து, முன்னும் பின்னுமாக மெதுவாக உருட்டினார். குரல் மாடு கத்துவது மாதிரி இழுபட்டது. அதற்குள் பஞ்சமத் தந்தியின் மீட்டு 'டுப்' என்று ஒரு சின்ன முட்டாகக் கேட்டது. அந்த இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. இருமலைத் தாண்டி அடுத்த பஞ்சமம் எங்கே வருகிறதோ அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதைப் பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்து ஒட்டினார். இருமல் போனது, தம்புரா தன் பாட்டுக்குச் சுற்றியது.

"ஆலாபனை என்றால் தம்புராவை எண்ணு, கிருதி என்றால் தாளத்தை எண்ணு" என்றார். தாளத்தோடு பாடும்போது வெட்டினால் முழு ஆவர்த்தனமாக, அதாவது தாளத்தின் முழுச் சுற்றாகத்தான் வெட்ட வேண்டும். ஆதி தாளத்தில் எட்டு அட்சரத்தில் ஒன்று குறைந்தாலும் வீட்டில் தொடையில் தாளம் போடுகிறவர் கண்டுபிடித்துவிடுவார். பிளேடுக்குக் காந்தம் ஏறியிருந்தால் ஒட்டின இடத்தில் 'டிக்' என்று கேட்கும். அதையும் பார்க்க வேண்டும்.

இது ஒரு பங்கு வேலைதான். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பிக்கும் வலப்பக்க வலந்தலைக்கும் மைக் எவ்வளவு தூரம், பாடகர் உச்சத்துக்குப் போகும்போது மைக்கை விட்டு விலகுவாரா, யாருக்கு எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றையும் பார்ப்பது தயாரிப்பாளர்தான். கேட்கக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் எனக்கு அந்த ஒலிப்பதிவு அறை.

பாடத் தெரியாதவர் விமர்சனம் எழுதலாமா?
(வாசகர், வியாசர்பாடி)

எழுதலாம். கேட்கத் தெரியாதவர்தான் எழுதக் கூடாது.

சபா என்றாலே மயிலாப்பூர், தி.நகர் என்கிறார்கள். நம் வடசென்னைப் பக்கம் அந்த மாதிரி எதுவுமே இருந்ததில்லையா?
(வாசகி, மூலக்கடை)

இருந்ததாவது! சென்னையில் கச்சேரி வளர்ந்ததே நம் பக்கத்தில்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில். திருவொற்றியூர் போய் வடிவுடையம்மன் மீது ஐந்து கிருதிகள் பாடினார். ராகங்கள் பேகடை, கல்யாணி, ஆரபி, சுத்த சாவேரி, சாவேரி. நான் புரூஃபில் குழம்பிய அந்த இரண்டு சாவேரியும் இந்த ஐந்தில் இருக்கின்றன! அவருடைய சீடர் வீணை குப்பையரின் மகனுக்குப் பெயரே திருவொற்றியூர் தியாகய்யர். வீணை தனம்மாள் வாழ்ந்ததும் ஜார்ஜ் டவுனில்தான். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டில் வீணை வாசிப்பார், கேட்க வருகிறவர்கள் மூச்சுச் சத்தம் வராமல் உட்கார்ந்திருப்பார்களாம். 1938ல் மறைந்தார். தன் சொத்தைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஜார்ஜ் டவுன்காரர்தான். ஆர்மேனியன் தெரு கோகலே ஹாலில் கச்சேரிகள் நடந்தன. தங்கசாலைத் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கமெல்லாம் சபாக்கள் இருந்தன.

வானொலிக்கும் இதே கதை. 1924ல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் போதாமல் 1927ல் நின்றது. அதன் கருவிகளை வாங்கி 1930ல் மறுபடி ஒலிபரப்பை நடத்தியது மாநகராட்சி. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938ல்தான்.

வசதியுள்ளவர்கள் தெற்கே குடிபோனார்கள், சபாக்களும் கூடவே போயின. தமிழில் பாடுங்கள் என்று 1943ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் மட்டும் பாரிமுனைப் பக்கம் அசையாமல் நிற்கிறது. மூலக்கடையிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போதும். டிசம்பர் கடைசியில் போய்ப் பாருங்கள்.

நம் ஏரியா கானாவை இசை விமர்சகர்கள் கண்டுகொள்வதே இல்லை. நீங்களும்தான். ஏன்?
(வாசகர், ராயபுரம்)

என் மீதும் குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இசைப் பக்கம் என் கையில் இருந்த வருஷங்களில் கானாவுக்கு நான் கொடுத்த இடம் குறைவு.

எது இசை என்று முடிவு செய்கிற இடத்தில் இருப்பவர்கள் கதவைச் சாத்துவது புதிதில்லை. 1940ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கியது, 1971ல்தான் தடை தளர்ந்தது. ஹார்மோனியத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைக்கும் நெளிவு, வராது என்பது ஒரு காரணம். அத்தனை வருஷமும் எங்கள் தெரு பஜனை மடத்தில் ஹார்மோனியம் பாடிக்கொண்டுதான் இருந்தது.

காசிமேட்டில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் விசைப்படகில் வேலை பார்த்தவர். கானா பாட வந்த பையன் வந்ததும் பாட ஆரம்பிக்கவில்லை. இறந்தவரின் தங்கையிடம் போய் உட்கார்ந்து, அண்ணனுக்கு என்ன பிடிக்கும், படகுக்கு என்ன பெயர், கூட்டாளிகள் யார் யார் என்று கேட்டுக்கொண்டான். கால் மணி நேரம் கழித்து அத்தனையும் எதுகையோடு பாட்டில் வந்தது. படகின் பெயர் வந்த இடத்தில் தபேலாவை நிறுத்திவிட்டு, வெறும் குரலில் அந்தப் பெயரை மட்டும் இழுத்தான். அதுவரை அழாமல் இருந்த மனைவி அப்போதுதான் அழுதார். எந்த இடத்தில் வாத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கச்சேரி மேடையில் அதைச் செய்பவரைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதியிருப்பேன். அவனைப் பற்றி அன்றைக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்த பிறகு பத்திரிகைகள் கொஞ்சம் திரும்பிப் பார்க்கின்றன. விமர்சனம் என்றால் பாராட்டு மட்டும் போதாது. சுருதி, நடை, சொல் என்று கச்சேரிக்குப் பார்ப்பதையெல்லாம் கானாவுக்கும் பார்க்க வேண்டும். அதுதான் மரியாதை.

எழுதிவிட்டு வருத்தப்பட்டதுண்டா?
(வாசகி, திருவொற்றியூர்)

உண்டு. ஒரு சபாவில் வளரும் பாடகி ஒருவரின் கச்சேரி. வயலின் மெலிந்து கிடந்தது, பக்கபலமே இல்லை என்று எழுதினேன். அச்சில் வந்த மறுநாள் அன்று ஒலிபெருக்கி பார்த்தவர் தேடி வந்தார். வயலினுக்கு வைத்த மைக் நாற்பது நிமிஷம் வேலை செய்யவில்லையாம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால்தான் சரிசெய்தார்களாம். நான் அதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். இத்தனை வருஷம் மைக்கோடு பழகிய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் போட்டேன், வயலின் வாசித்த பெண்ணின் வீட்டுக்கும் போனேன். அவர் காபி கொடுத்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பதில்லை. பாதியில் எழுந்து இடம் மாறி, இன்னொரு மூலையிலிருந்தும் கேட்பேன்.

புதிதாக எழுதுகிறவர்களின் கட்டுரையில் முதலில் எதை வெட்டுவீர்கள்?
(வாசகர், புளியந்தோப்பு)

முதல் பத்தியை. அநேகமாக அதில் மார்கழிக் குளிர், அரங்கின் பெருமை, கூட்டம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். அப்புறம் 'ரசிகர்களைக் கட்டிப்போட்டார்', 'தேனாய் இனித்தது'. போன மாதம் ஒரு பெண் அனுப்பிய கட்டுரையில் 'தோடி ராகம் உருக்கியது' என்று இருந்தது. எந்த இடத்தில் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அவள் பதிவை மறுபடி கேட்டுவிட்டு இப்படி எழுதி அனுப்பினாள்: 'காந்தார ஸ்வரத்தில் நின்று, மேலே போகாமல், மூன்று தடவை அதையே அசைத்துவிட்டு இறங்கினார்.' அப்படியே போட்டுவிட்டேன்.