வாளியும் வெளிச்சமும்

வணக்கம் சார்,

எனக்குக் குடியாத்தம். காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ‘விட்சர் 3’ கேம் 2015இலேயே அவ்வளவு அழகாக இருந்தது. ‘ஸ்கைரிம்’ கேமைத் தந்த பெதஸ்டா நிறுவனம் மட்டும் ஏன் பழைய இன்ஜினையே (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) பிடித்துத் தொங்குகிறது? அன்ரியல் என்ற இன்ஜினுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடாதா? ஹாஸ்டலில் தினமும் இதே சண்டை.

அன்புள்ள தம்பி,

விட்சர் 3இன் அழகில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அதன் சத்திரங்களில் மேஜைமேல் இருக்கும் தட்டும் கோப்பையும் பெரும்பாலும் அலங்காரம்தான், கையில் எடுக்க முடியாது. 2011இல் வந்த ஸ்கைரிமில் எடுக்கலாம், எறியலாம். உங்கள் வீட்டுத் தரையில் போட்ட முட்டைக்கோஸ் எத்தனை நாள் கழித்து வந்தாலும் போட்ட இடத்திலேயே கிடக்கும். கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கடையையே காலி செய்தார்களே, நினைவிருக்கிறதா? அவர் கண்ணுக்கும் நமக்கும் நடுவே தடை இருக்கிறதா என்று கேம் பார்க்கிறது. வாளி மறைத்தது, திருட்டு நடந்தது. அந்த இன்ஜின் தன் சக்தியைச் செலவழிப்பது இதில்தான். அதற்கு விலையும் உண்டு: கதவைத் திறந்தாலே லோடிங்.

நீங்கள் கேட்கும் மாற்றத்தை ஒரு கேமில் செய்தும் பார்த்துவிட்டார்கள். 2006இன் ‘ஒப்லிவியன்’ 2025இல் புதுப்பிக்கப்பட்டபோது படம் வரைவது அன்ரியல் 5, உள்ளே கேமை ஓட்டுவது பழைய இன்ஜின். பார்க்க அற்புதம். ஆனால் வெட்டவெளியில் போகும்போது நல்ல கிராபிக்ஸ் கார்டிலும் திக்கித் திக்கி ஓடியது. அதே ஆண்டு கிரைஇன்ஜின் என்ற இன்னொரு இன்ஜினில் வந்த ‘கிங்டம் கம் 2’ காட்டு வெளிச்சத்தையும் அள்ளித் தந்து, சீராகவும் ஓடியது. அன்ரியல் என்ற பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை ஒரு கேமில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூண்களின் செதுக்கலை நுணுக்கம் குறையாமல் காட்ட அன்ரியலில் நானைட் என்ற வசதி இருக்கிறது. வெளியே தரையில் பட்ட வெயில் மண்டபத்து நிழலுக்குள் தெறிப்பதை லூமென் என்ற இன்னொரு வசதி கணக்கிடும். அங்கே ஒரு விளக்கை எடுத்து வேறு தூணடியில் வைத்தால் நாளைக்கும் அது அங்கேயே இருக்க வேண்டும் என்றால், அதை கேம் செய்கிறவர்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். பெதஸ்டா பழைய இன்ஜினை விடாததற்கு நான் காணும் காரணம் இதுதான்.

அப்புறம், நீங்கள் லேப்டாப்பில் விளையாடினால் ஒரு யோசனை. கத்திரி வெயிலில் அதன் கார்டு சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் ரே டிரேசிங்கை அணைத்து, நிழலை ஒரு படி இறக்கி, பிரேம் ரேட்டை நொடிக்கு 30 படத்தில் நிறுத்தி விளையாடுங்கள்.