ரெஜ்ஜி புஷ்ஷிடம் இருந்து ஹைஸ்மன் கோப்பை ஏன் போனது, ஏன் திரும்பி வந்தது?

ஹைஸ்மன்தான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) உச்ச விருது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வீரர் புஷ் 2005-ல் வென்றார். படிக்கும்போதே தன் ஏஜென்ட்களாக விரும்பியவர்களிடம் அவரும் குடும்பமும் சலுகைகள் பெற்றதாக 2010-ல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ தீர்ப்பளித்தது. சான் டியேகோ பக்கம் பெற்றோர் வாடகையில்லாமல் குடியிருந்த வீடும் அதில் ஒன்று. கல்லூரி வீரர் அமெச்சூராகவே, அதாவது ஆட்டத்தால் பணம் சம்பாதிக்காதவராகவே இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதே வருடம் செப்டம்பரில் புஷ் விருதைத் துறந்தார். 2005-ன் இடம் காலியாகவே கிடந்தது.

சரி, அவர் ஓடிய ஓட்டம் பொய்யா? டிக்கெட்டிலும் டிவியிலும் எல்லோரும் சம்பாதித்தார்கள், ஓடியவருக்கு மட்டும் தடை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. 2021-ல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. அப்புறமும் கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து, 2024 ஏப்ரலில்தான் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.