டோக்கியோவில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகள்

பள்ளி லீவு நெருங்கினாலே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். டோக்கியோவின் கிழக்கே நிஷி-கசாயில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தபந்தங்களைக் கடை கடையாகக் கூட்டிப்போய் அடிபட்டதுதான் பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பத்து நாள் டோக்கியோவில் இருக்கப் போகிறோம். நூடுல்ஸ், டோஃபு (சோயா பனீர்), காய்கறி டெம்புரா (மாவில் முக்கிப் பொரித்தது) என்று சமாளித்துவிடலாம் என்கிறார் கணவர். சரியா? (மதுரை வாசகி)

பதில்: சரியில்லை அம்மா. அவர் சொன்ன மூன்றிலும் மீன் வந்துவிடும். ஆனால் தட்டில் தேடினால் கிடைக்காது.

ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்கிற சாறு. கொம்பு என்ற கடற்பாசியும் கத்சுவோபுஷியும் போட்டு எடுப்பது வழக்கம். கத்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, விறகுக்கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்தது. தூத்துக்குடி, கன்னியாகுமரிக்காரர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் இதை விளக்கவே வேண்டாம். நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதைச் செதில் செதிலாகச் சீவி, வெந்நீரில் போட்டு, வடிகட்டிவிடுவார்கள். கிண்ணத்தில் ஒரு துணுக்குகூட மிஞ்சாது. சமைக்கிறவருக்கும் அது மீன் என்ற நினைப்பே இருக்காது. ரசத்தில் பெருங்காயம் போட்டிருக்கிறேன் என்று நாம் யாரிடமாவது தனியாகச் சொல்கிறோமா?

நான் வந்த புதிதில், ஸ்டேஷன் பக்கத்து உடோன் நூடுல்ஸ் கடை ஒன்றில், ‘மீன் வேண்டாம்’ என்று சைகையும் அரைகுறை ஜப்பானியமுமாகச் சொன்னேன். சமையல்காரர் தலையாட்டினார். மேலே தூவியிருந்த செதில்களைக் குச்சியால் ஒவ்வொன்றாகப் பொறுமையாக எடுத்துவிட்டு, அதே கிண்ணத்தை அதே சாறோடு, இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக என் முன்னால் வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதைச் செய்துவிட்டார்.

அதனால் எதில் என்ன இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மிசோ என்ற சோயா விழுது கரைத்த சூப்பில் தாஷி உண்டு. உடோன், சோபா என்ற இரண்டு நூடுல்ஸின் சாறிலும் உண்டு; குளிரவைத்த சோபாவைத் தொட்டுச் சாப்பிடத் தரும் கறுப்புச் சாறிலும் உண்டு. டெம்புரா மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள், பொரிப்பதும் இறால் பொரித்த அதே எண்ணெயில்தான். இனிப்பான டோஃபு பையில் சோறு அடைத்த இனாரியைப் பார்த்தால் சைவம் போலவே இருக்கும், ஆனால் அந்தப் பையைக் கொதிக்கவைத்ததே தாஷியில்தான். ராமென் நூடுல்ஸ் பக்கம் போகவே வேண்டாம், அது எலும்புச் சாறு.

கேட்கத் தெரிய வேண்டியவை இரண்டு வாக்கியம். ‘நிக்கு மோ சகானா மோ தபெமாசென்’: கறியும் சாப்பிட மாட்டேன், மீனும் சாப்பிட மாட்டேன். ‘கத்சுவோ தாஷி ஹாய்த்தெ இமாஸ் கா?’: மீன் சாறு சேர்ந்திருக்கிறதா? ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால், கறிதான் கூடாது, மீன் பரவாயில்லை என்று புரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர்.

பதினான்கு வருடத்தில் நான் கற்றது இதுதான்: இங்கே கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சாப்பாட்டை மாற்றச் சொல்லக் கூடாது. நம் ஊரில் ‘வெங்காயம் போடாம ஒரு ஊத்தப்பம்’ என்றால் மாஸ்டர் முனகிக்கொண்டாவது போட்டுக் கொடுப்பார். இங்கே சாறு காலையிலேயே தயாராகி அண்டாவில் நிற்கிறது, அதிலிருந்து மீனை எடுக்க யாராலும் முடியாது. செதில் தூவாத டோஃபு என்பது போன்ற சின்ன மாற்றம் நடக்கும். குளிர்ந்த டோஃபுவை, ஹியயாக்கோ என்பார்கள், செதில் இல்லாமல் கேட்டு வாங்கி சோயா சாஸ் மட்டும் விட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

எங்கே போவது? டோக்கியோ ஸ்டேஷனுக்குள், டிக்கெட் கேட்டைத் தாண்டி உள்ளே, டீஸ் டான்டான் என்ற கடை. ராமென், எள் விழுது சேர்த்த டான்டான் நூடுல்ஸ் எல்லாம் முழுக்கத் தாவர உணவு, முட்டைகூட இல்லை. கோகோ இச்சிபான்யா என்ற ஜப்பானியக் குழம்புக் (curry) கடைகள் பலவற்றில் சைவக் குழம்பு என்று தனி மெனு இருக்கிறது. சமையலறை மட்டும் பொதுதான். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் தகாஓ மலைக்குப் போங்கள். ஷின்ஜுகுவிலிருந்து கெய்யோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். மேலே யாகுஓ-இன் கோயிலில் முன்பதிவு செய்தால் ஷோஜின் ரியோரி, அதாவது புத்தத் துறவிகளின் சாப்பாடு கிடைக்கும். கறி, மீன் மட்டுமில்லை, மரபுப்படி வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள். அமாவாசை விரதச் சாப்பாடு போல இருந்தது என்று என் பெரியம்மா சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து வராது.

கேள்வி: கடை வாசலில் ஒரு மெஷின் நிற்கிறதாமே? ஆங்கிலமே இல்லாவிட்டால் என்ன செய்வது? (கோவை)

பதில்: டோக்கன் மெஷின்தான், பயப்பட ஒன்றுமில்லை. முதலில் பணத்தைப் போட வேண்டும், அப்போதுதான் பொத்தான்களில் விளக்கு எரியும். வேண்டியதை அழுத்தினால் சீட்டு விழும். மீதிச் சில்லறை தானாக வராவிட்டால் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும், அதைத் திருப்புங்கள். மேலே இடது மூலையில் இருக்கும் பொத்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் பெயர்பெற்ற அயிட்டம், ஒன்றும் புரியாவிட்டால் அதை அழுத்தலாம் (மதுரை அம்மா, நீங்கள் இல்லை). பழைய மெஷின்கள் பல, நோட்டுகளில் 1,000 யென்னை மட்டும்தான் வாங்கும். 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளைத் துப்பிவிடும் மெஷின்களும் உண்டு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹலால் மட்டும்தான் சாப்பிடுவோம். கோழி ராமென் என்று போட்டிருந்தால் சாப்பிடலாமா? (காயல்பட்டினம்)

பதில்: வேண்டாம். சாறு கோழியாக இருந்தாலும் மேலே வைப்பது பன்றித் துண்டாக இருக்கும், சில கடைகளில் இரண்டு எலும்பையும் கலந்து சாறு எடுப்பார்கள். டொன்கொத்சு என்று எழுதியிருந்தால் அது பன்றி எலும்பேதான். பன்றி ஒன்று மட்டுமல்ல, கவனிக்க வேண்டியது மிரினையும் சாக்கேயையும். இரண்டும் அரிசியிலிருந்து வருகிற மது. டெரியாக்கி, சுக்கியாக்கி, மீன் குழம்பு என்று இனிப்பு மினுமினுப்பு இருக்கும் எதிலும் பெரும்பாலும் மிரின் சேர்ந்திருக்கும். இதற்கும் அதே விதிதான். சாதாரணக் கடையில் நின்று பேரம் பேசாமல் ஹலால் கடையாகத் தேடிப் போங்கள். அசகுசா கோயிலைச் சுற்றி ஹலால் ராமென் கடைகள் இருக்கின்றன. யோயோகி-உஎஹாராவில் டோக்கியோ ஜாமி பள்ளிவாசலிலேயே ஹலால் கடை உண்டு. ஜும்ஆவுக்குப் போனால் அப்படியே வாங்கி வரலாம். ஷின்-ஓகுபோ ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஹலால் மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

கேள்வி: பெல்ட்டில் ஓடும் சுஷி கடைக்குக் குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள். பச்சை மீன் எங்களுக்கு ஒத்துவராது. போகலாமா? (திருச்சி)

பதில்: தாராளமாகப் போகலாம். டோக்கியோவில் குடும்பத்தோடு போக இதைவிடத் தோதான இடம் இல்லை. இந்தப் பெல்ட் யோசனை ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவருடையது. பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, 1958-இல் ஒசாகா பக்கத்தில் முதல் கடையைத் தொடங்கினார். இப்போது பெரிய கடைகளில் தட்டுகள் சும்மா சுற்றி வருவது குறைந்துவிட்டது. திரையில் படம் பார்த்து அழுத்தினால் உங்கள் மேஜைக்கே தட்டு விர்ரென்று வந்து நிற்கும். ஆங்கிலமும் இருக்கும்.

பச்சை மீன் இல்லாமல் வெள்ளரிக்காய் சுருள், சோளம் மயோனைஸ், வேகவைத்த இறால், உருளைக்கிழங்கு வறுவல் என்று குழந்தைகளுக்கு நிறைய இருக்கும். வெள்ளரிச் சுருளுக்குக் கப்பா மக்கி என்று பெயர். கப்பா ஆற்றில் வசிக்கும் பூதம், வெள்ளரிக்காய் என்றால் அதற்கு உயிர். கதையைச் சொல்லியே இரண்டு தட்டு உள்ளே தள்ளிவிடலாம். முட்டை சுஷியில் தாஷி இருக்கும், சைவக்காரர்கள் தொட வேண்டாம். பெரிய கடைகளில் வசாபி என்ற காரமான பச்சை விழுதை இப்போது தனியாகத்தான் தருகிறார்கள், அதனால் குழந்தைகள் அழ மாட்டார்கள்.

மேஜையில் ஒரு கறுப்புப் பொத்தானோடு சின்னக் குழாய் இருக்கும். அது கை கழுவ இல்லை! கொதிக்கிற வெந்நீர் வரும். கோப்பையில் டீத்தூளைப் போட்டு அதில் பிடித்துக்கொள்ள வேண்டும். என் சித்தப்பா சாப்பிட்டு முடித்த திருப்தியில் வலது கையை நேராக அதற்குக் கீழே நீட்டினார். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து ஓடிவந்து தடுத்ததால் தப்பித்தார். டப்பாவில் இருக்கும் பச்சைத் தூளும் வசாபி இல்லை, டீத்தூள்.

கேள்வி: இஸகாயாவில் நாங்கள் கேட்காமலேயே ஒரு குட்டிக் கிண்ணம் வைத்துவிட்டு, ஆளுக்கு 400 யென் பில்லில் போட்டார்கள். ஏமாற்றா? (சென்னை)

பதில்: இல்லை. அதன் பெயர் ஓதோஷி. உட்காரும் இடத்துக்கான கட்டணம், கூடவே ஒரு கடி. 300 முதல் 500 யென் வரை சாதாரணம். சாப்பிடாவிட்டாலும் பில்லில் வரும். டிப்ஸ் கிடையாது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் நஷ்டமில்லை. இஸகாயா என்பது அடிப்படையில் குடிக்கிற இடம், தொட்டுக்கொள்ள நல்ல சாப்பாடும் கிடைக்கும். வயிறு நிறையச் சாப்பிட மட்டும் போகிற குடும்பம் தெய்ஷொகு கடைக்குப் போகலாம். நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி சோறு, சூப், ஊறுகாய், ஒரு முக்கிய அயிட்டம். மதியம் 1,000 யென்னையொட்டி முடிந்துவிடும். அதே கடையில் ராத்திரி போனால் விலை வேறு.

கேள்வி: சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாது. தப்பாகப் பிடித்தால் கோபித்துக்கொள்வார்களா? (சேலம்)

பதில்: பிடிக்கத் தெரியாததை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஸ்பூன் கேட்டால் தருவார்கள், சுஷியைக் கையால் சாப்பிடுவதே முறைதான். இரண்டு விஷயம் மட்டும் கூடாது. சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கிற சோறு. அப்புறம், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றிக் கொடுக்காதீர்கள். இங்கே தகனம் முடிந்ததும் உறவினர்கள் குச்சியால் எலும்பை எடுத்துக் கலயத்தில் சேர்ப்பார்கள். நம் வீடுகளில் காடாற்றும் நாளில் செய்கிற காரியமேதான். சாப்பாட்டு மேஜையில் அந்த ஞாபகம் வந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? நூடுல்ஸை உறிஞ்சுகிற சத்தத்துக்கு மட்டும் முழு அனுமதி உண்டு.

கேள்வி: மீதியைப் பார்சல் கட்டித் தருவார்களா? (ஈரோடு)

பதில்: பெரும்பாலும் மாட்டார்கள், கெட்டுப்போய்விடும் என்ற பயம். வேண்டிய அளவு மட்டும் ஆர்டர் செய்யுங்கள். முதலிலேயே பார்சல் என்று சொல்லி வாங்குவது வேறு. அதற்கு வரியும் குறைவு: உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், எடுத்துப் போனால் 8.

கேள்வி: ஜப்பான்காரர்களும் ‘கறி’ சாப்பிடுகிறார்களாமே, நம் குழம்பு மாதிரி இருக்குமா? (தஞ்சாவூர்)

பதில்: இருக்காது. இங்கிலாந்து வழியாகச் சுற்றி வந்த கறி அது: மாவு போட்டுக் கெட்டியாக்கிய, இனிப்பான, பழுப்புக் குழம்பு. அந்தக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது சகஜம். ‘காய்கறிக் கறி’ என்று போட்டிருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஷின்ஜுகுவில் நகமுராயாவுக்குப் போய்ப் பாருங்கள். ஆங்கிலேயரிடமிருந்து தப்பி 1915-இல் ஜப்பானுக்கு வந்த விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸை ஒளித்துவைத்த ரொட்டிக் கடை அது. அந்த வீட்டுப் பெண்ணையே அவர் திருமணம் செய்துகொண்டார். 1927-இல் கடைக்காரர்கள் உணவகம் தொடங்கியபோது, மாவு போட்ட இங்கிலீஷ் கறியைப் பார்த்து நொந்துபோயிருந்த மாப்பிள்ளை, எலும்போடு கோழி போட்டு நம் நாட்டு முறையில் கறி வைக்கச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் அங்கே அது கிடைக்கிறது. 1943-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸிடம் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஒப்படைத்தவரும் இவர்தான். பின்னால் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர். அதை நினைத்துக்கொண்டு சாப்பிட்டதாலோ என்னவோ, எனக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாகப்பட்டது. காரம் நமக்குப் போதாது.

கேள்வி: மாமியாருக்கு வெந்நீர்தான் ஒத்துக்கொள்ளும். கிடைக்குமா? (நாகர்கோவில்)

பதில்: கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் ஜனவரிக் குளிரிலும் ஐஸ் மிதக்கும் தண்ணீரைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். ‘ஓயு, ஒனெகாய் ஷிமாஸ்.’ மாமியாருக்கே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். என் அம்மா இங்கே வந்த மூன்றாம் நாளே எனக்கு முன்னால் அவரே கேட்டு வாங்கிவிட்டார்.