படகை விற்று டாக்டர் சீட் வாங்க வேண்டாம்

பாம்பனிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் இரண்டாம் முறையும் நீட்டில் சறுக்கிவிட்டாள், படகை விற்றாவது தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர் என்கிறார் தாய்மாமன். பிள்ளை நொந்திருப்பாள், நாலு நாள் விட்டுப்பிடியுங்கள். ஆனால் படகில் கை வைக்காதீர்கள். வீட்டுக்குச் சோறு போடுவது அது. விற்ற காசு தீர்ந்ததும் மிச்ச வருஷங்களுக்கு வட்டிக்கு வாங்கப்போவது நீங்கள்தான், மாமன் இல்லை.

வலையில் வந்த கணவாய் செத்த பிறகும் அதன் தோலில் புள்ளிகள் விரிந்து சுருங்குவது ஏன் என்று நச்சரிப்பாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், குறையாக. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தப் புள்ளிகளை நரம்பிலும் தசையிலும் ஓடும் மின்துடிப்பு ஆட்டுவிக்கிறது. அதைப் படிக்கவே உயிரியற்பியல் என்று ஒரு துறை உண்டு.

உயிருள்ள செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். நரம்பு செல்லில் சுமார் 70 மில்லிவோல்ட். உள்ளே மிகுந்திருக்கும் பொட்டாசியம் சவ்வு வழியே வெளியே கசிவதே முக்கியக் காரணம். தாவர செல் புரோட்டானையும் வெளியே தள்ளுவதால், குளத்துப் பாசியான காராவில் இது 150ஐத் தாண்டும். தொட்டாற்சுருங்கி சுருங்குவதற்கு முன்னால் ஓடுவதும் இப்படியொரு மின்துடிப்புதான். ஆங்கில விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் நரம்புத் துடிப்புக்குக் கணக்கு எழுதியது ஊசிக்கணவாய் வகையின் நரம்பிழையை வைத்து. அரை மில்லிமீட்டர் பருமன் என்பதால் உள்ளே கம்பி நுழைந்தது. 1963இல் நோபல் கிடைத்தது.

செல்லின் மின்னழுத்தத்தை அளக்கும் வேலை நுணுக்கமானது. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து முனையை ஒரு மைக்ரான் அளவுக்கோ அதற்கும் கீழேயோ கொண்டுவர வேண்டும். பொட்டாசியம் குளோரைடு கரைசல் நிரப்பி, குளோரைடு பூச்சேறிய வெள்ளிக் கம்பியை உள்ளே விட வேண்டும். பூச்சு தேய்ந்தால் அளவு நகர்ந்துகொண்டே போகும். முனையில் குமிழி நின்றால் இணைப்பே கிடைக்காது. எர்த் சரியில்லையென்றால் திரை முழுக்க வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான். கிழிந்த வலையைப் பொத்தும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த நிதானம் புதிதில்லை.

பிளஸ் டூவில் கணிதம் இருந்தால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல், இல்லையென்றால் விலங்கியல், கூடவே கணிதத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அடுத்து எம்.எஸ்ஸி.க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், உயிரியற்பியல் அறிஞர் ஜி.என். ராமச்சந்திரன் தொடங்கிய துறை. அல்லது பி.எஸ்ஸி. முடித்தவர்கள் எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐ.ஐ.எஸ்ஸி.) ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு முயலலாம், உதவித்தொகையோடு. சம்பளம் பார்க்க எட்டு, பத்து வருஷம் ஆகலாம், மறைக்கவில்லை.

அவ்வளவு பொறுக்க முடியாதென்றால், மருத்துவமனையில் மூளை மின்பதிவு எடுக்கும் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. தலையில் 21 மின்முனைகளை அளந்து ஒட்டுகிற வேலை. தேங்காய் எண்ணெய்த் தலையோடு வருகிறவர்களை முதலில் தலைக்குக் குளித்துவரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தோலுக்கும் மின்முனைக்கும் இடையே மின்தடை 5 கிலோஓமைத் தாண்டி, பதிவு கெடும்.

இதெல்லாம் பிடிக்கவில்லை என்று மகள் சொன்னால் என் பேச்சையும் தள்ளிவிடுங்கள். விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரை அவள் கையால் எழுதட்டும்.