இஸ்லாத்தில் இசை கேட்கலாமா?

கோவை கோட்டைமேட்டில் தங்கச்சி நிக்காஹ், பாட்டு வைக்கலாமா, இசையே ஹராமா (மார்க்கத்தில் தடுக்கப்பட்டதா) என்று கேட்டிருந்தீர்கள்.

குர்ஆன் இசையைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. 31:6இல் வரும் 'வீண் பேச்சு' பாட்டைத்தான் குறிக்கிறது என்றார் நபித்தோழர் இப்னு மஸ்ஊத். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இசைக்கருவிகளை மதுவோடு சேர்த்துக் கண்டிக்கும் ஹதீஸும் (நபிமொழியும்) உண்டு. அதனால் நான்கு மத்ஹபுகளிலும் (சட்டப் பள்ளிகளிலும்) பெரும்பாலான அறிஞர்கள் கருவி இசையைத் தடுத்தார்கள். அறிஞர் இப்னு ஹஸ்ம் அந்த ஹதீஸின் அறிவிப்புத் தொடரை ஏற்கவில்லை, இசை கூடும் என்றார். இமாம் கஸ்ஸாலியோ நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

தஃப் என்ற கைப்பறைக்கு இந்தச் சிக்கலே இல்லை. பெருநாளன்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் அடித்துப் பாடியதை அவருடைய தந்தை அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, "விட்டுவிடுங்கள்" என்றார்கள் நபி (ஸல்). என் மனசுக்கு மிக நெருக்கமான ஹதீஸ் இது. தங்கச்சி கல்யாணத்தில் தஃப் தாராளமாக ஒலிக்கட்டும். ஸ்பீக்கர் பாட்டென்றால் மட்டும் உங்கள் ஜமாஅத்தின் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.