மோர்ஓவர் போட்டால் பத்தி ஆகிவிடுமா?

அன்புள்ள அக்கா,

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 வந்துவிட்டது. ரைட்டிங்கில் 6.5 வேண்டும், இரண்டு தடவையும் 6-லேயே நிற்கிறது. அஞ்சு ரோடு பக்கம் கோச்சிங் போனேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஃபர்ஸ்ட்லி, மோர்ஓவர், ஃபர்தர்மோர் என்று தொடங்கினால் மார்க் ஏறும் என்றார்கள். அப்படித்தான் எழுதுகிறேன். கிராமரில் பெரிய தப்பு இல்லையாம். சுற்றுலாவால் ஒரு ஊருக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு எழுதிய பத்தி ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறுகிறது என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

அன்புள்ள தங்கைக்கு,

பத்தியைப் படித்தேன். உங்கள் ஆங்கிலம் நன்றாகவே இருக்கிறது, அதனால் முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் எழுதியதைச் சுருக்கித் தமிழில் சொன்னால் இப்படி வரும்: முதலாவதாக, சுற்றுலா வேலை தருகிறது. மேலும், அரசுக்கு வருமானம் வருகிறது. அது மட்டுமல்லாமல், குப்பை சேருகிறது. தவிரவும், வெளியூர்க்காரர்கள் நம் பண்பாட்டைத் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இப்போது அந்த முதலாவதாக, மேலும், தவிரவும் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, வாக்கியங்களை மேலே கீழே மாற்றிப் போட்டுப் பாருங்கள். குப்பையை முதலில் வைக்கலாம், பண்பாட்டை இரண்டாவதாக வைக்கலாம், எதுவும் கெடாது. கலைத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது பத்தி இல்லை, பட்டியல். நல்ல பத்தியில் ஒரு வாக்கியத்தை இடம் மாற்றினால் அடுத்தது தடுக்கும், ஏனென்றால் ஒவ்வொரு வாக்கியமும் அதற்கு முன்னால் உள்ளது கிளப்பிய கேள்விக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருக்கும்.

தேர்வில் ரைட்டிங்கை நான்கு விஷயங்களை வைத்துத் திருத்துகிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, சொன்னது கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. கோவையாக இருப்பதற்கான அளவுகோலில் 6-க்கு என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? இணைப்புச் சொற்கள் இருக்கும், ஆனால் இயந்திரத்தனமாக இருக்கலாம் என்று. உங்கள் மோர்ஓவர் எல்லாம் அங்கேதான் போய் விழுகிறது. மார்க் ஏறுவதற்காகச் சொல்லிக்கொடுத்ததே உங்களை 6-ல் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அதே சுற்றுலாவை எடுத்துக்கொள்வோம். இங்கே ஏற்காட்டில் என் கண்ணெதிரே நடப்பதுதான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுதும் முன் பத்திக்கு ஒரே ஒரு கருத்தை முடிவு செய்யுங்கள். 'சுற்றுலா மலை ஊருக்கு வேலை தருகிறது, ஆனால் அந்த வேலை வருஷம் முழுக்க நிற்பதில்லை.' இதுதான் முதல் வாக்கியம். படிக்கிறவர் உடனே கேட்பார், ஏன் நிற்பதில்லை? அடுத்த வாக்கியம் அதற்குப் பதில்: மக்கள் பள்ளி விடுமுறையில்தான் மலையேறுகிறார்கள். எங்கே பார்த்தீர்கள் என்பார். ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி சமயத்தில் ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கும் ஒரு பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதே பெண் மழை மாதத்தில் ஒரு வார நாளில் கடை போட்டால் கரி வாங்கிய காசு கூடத் தேறாது. சரி, அதனால் என்ன? அவர் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலையையும் விட முடியாது, ஆகவே சுற்றுலா வருமானம் பழைய தொழிலோடு சேர்ந்து இருந்தால்தான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். பத்தி முடிந்தது. ஒரு மோர்ஓவர் கூட வரவில்லை. 'அதே பெண்', 'அவர்', 'ஆகவே' இந்த மூன்றுமே ஒட்டிவிட்டன.

குப்பை எங்கே என்று கேட்பீர்கள். அது இன்னொரு பத்தி. இங்கே நுழைந்தால் இந்தப் பத்தி குலையும். பண்பாட்டை விட்டுவிடுங்கள், 250 வார்த்தைக் கட்டுரையில் இரண்டு கருத்தை முழுசாகச் சொன்னாலே போதும்.

அப்புறம் ஒன்று. திருத்துபவருக்கு ஏற்காடு எங்கே இருக்கிறதென்று தெரியாது. தென்னிந்தியாவில் ஒரு மலை ஊர் என்று நாலு வார்த்தை சேர்த்துவிடுங்கள். சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரச் சொல்லிக் கேள்வித்தாளே கேட்கிறது, அதனால் பார்க்காத பாரீஸைத் தேடிப் போகாதீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குப் புதிது இல்லை. டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் எப்படிச் சொல்வீர்கள்? இந்த நோயாளிக்கு ராத்திரி காய்ச்சல் ஏறியது, இந்த நேரத்தில் இந்த மருந்து கொடுத்தோம், இவ்வளவு இறங்கியது, அதனால் காலையில் இதைப் பாருங்கள். நடுவில் பக்கத்துக் கட்டிலைப் பற்றிப் பேசுவீர்களா? அந்த ஒழுங்கு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, மொத்தம் 60 நிமிடம், அதில் இரண்டாவது கேள்விக்கு, அதாவது இந்தக் கட்டுரைக்கு, 40 நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மதிப்பெண்ணிலும் அதற்கு முதல் கேள்வியைப் போல இரண்டு மடங்கு எடை. அந்த 40-ல் முதல் ஐந்து நிமிடம் எழுதாதீர்கள். ஒவ்வொரு பத்திக்கும் கருத்து, ஏன், எங்கே, அதனால் என்ன என்று ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள், தமிழில் குறித்தாலும் சரி. கை துறுதுறுக்கும், பக்கத்தில் இருப்பவர் பாதிப் பக்கம் எழுதியிருப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தேர்வு வரைக்கும் தினம் முழுக் கட்டுரை எழுத வேண்டாம், நைட் டியூட்டி முடித்து வந்து அது முடியவும் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். மறுநாள் அந்த வாக்கியங்களைக் கலைத்துப் பாருங்கள். குப்பையைப் பற்றிய அந்த இரண்டாவது பத்தியை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள், மலைப்பாதையில் எறிந்துவிட்டுப் போகும் பாட்டில்களை வைத்தே எழுதலாம், படித்துவிட்டு உடனே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா