மூன்று மணி நேரப் பேச்சுத்துணை

கேள்வி: அமெரிக்க வானொலியில் நாள்தோறும் அரசியல் பேசியே பெரும் செல்வாக்குப் பெற்றவர்கள் உண்டு என்று அறிகிறேன். விவரம் அறியாத மக்கள் இருப்பதால்தானே இவர்கள் எடுபடுகிறார்கள்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: ‘விவரம் அறியாத’ என்ற அடைமொழியை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இவ்வகைப் பேச்சாளர்களில் முதன்மையானவரான ரஷ் லிம்பாவின் வழக்கமான நேயர்கள், மக்கள் கருத்தை ஆராயும் அமெரிக்க அமைப்பான பியூ ஆய்வு மையம் 2007இல் நாட்டு நடப்பைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு மக்களின் சராசரியைவிட நன்றாகவே விடையளித்தார்கள். செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு என்ன பொருள் கொள்வது, யார்மீது கோபப்படுவது என்பதைத்தான் ஒரே குரலிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

வாரத்தில் ஐந்து நாள், கிழக்குக் கரை நேரப்படி நண்பகல் 12 முதல் 3 மணி வரை அவர் பேசினார். லாரி ஓட்டுபவருக்கும் பட்டறையில் தனியே வேலை பார்ப்பவருக்கும் அந்நேரத்தில் வேறு பேச்சுத்துணை கிடையாது; ஆண்டுக்கணக்கில் கேட்ட குரல் அடுத்த வீட்டுக்காரரின் குரலாகிவிடுகிறது. நேயர்களும்தான் பேசுகிறார்களே என்று கேட்கலாம். தொலைபேசியில் வருபவரை முதலில் ஓர் உதவியாளர் விசாரிப்பார். அவருடைய பெயர், ஊர், சொல்லவரும் கருத்து ஆகியவை பேச்சாளரின் கண்முன் திரையில் எழுத்தாக வந்து நிற்கும். யாரைப் பேச விடுவது, எந்த நொடியில் இணைப்பைத் துண்டிப்பது என்பதெல்லாம் நிகழ்ச்சி நடத்துபவரின் கையில். இப்படி வடிகட்டி வந்த குரல்களை நாள்தோறும் கேட்பவர், ஊரே ஒருமித்துப் பேசுவதாக நம்பிவிடுவார். முன்னவர் சொன்ன பாராட்டைத் திரும்பச் சொல்லாமல் ‘டிட்டோ’ என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருவது லிம்பாவின் நேயர்களிடம் வழக்கமாகி, ‘டிட்டோஹெட்’ என்பதே அவர்கள் பெருமையுடன் ஏற்றுக்கொண்ட பெயராயிற்று.

இது புதிய வித்தையும் அன்று. மிச்சிகன் மாநிலத்து ராயல் ஓக் ஊரின் கத்தோலிக்கப் பாதிரியார் சார்லஸ் காக்லின் 1926இல் வானொலியில் பேசத் தொடங்கி, பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த மக்களுக்காக வங்கி முதலாளிகளைச் சாடிச் சாடியே கோடிக்கணக்கான நேயர்களைச் சேர்த்தார். உலக நீதிமன்றத்தில் அமெரிக்கா சேர்வதை எதிர்த்து 1935 ஜனவரியில் அவர் ஒரு ஞாயிறன்று பேசியதும் செனட்டுக்குத் தந்திகள் குவிந்தன. இரு நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுக்கு ஏழு வாக்குகள் குறைந்து அது தோற்றது. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் நாளிதழ்களும் எதிர்த்திருந்ததால் முழுப் பெருமையையும் பாதிரியாருக்கே கொடுத்துவிட முடியாது. பின்னர் அவர் பேச்சு அப்பட்டமான யூத வெறுப்பாக மாறியது. 1938 நவம்பரில் ஜெர்மானிய யூதர்கள்மீது நடந்த வன்முறைக்கு அவர் சமாதானம் கற்பித்தபோது, நியூயார்க் நிலையம் ஒன்று அவர் உரையை ஒலிபரப்ப மறுத்தது. நேயர்களோ அதன் வாசலில் மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் கூடிக் கண்டன முழக்கமிட்டார்கள்.

கேள்வி: இத்தகைய பேச்சைக் கட்டுப்படுத்தச் சட்டம் ஏதும் இல்லையா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: இருந்தது. சர்ச்சைக்குரிய பொருளில் மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்ற விதியை அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 1949இல் கொண்டுவந்து 1987இல் கைவிட்டது. மறு ஆண்டே லிம்பாவின் நாடு தழுவிய ஒலிபரப்பு தொடங்கியது. ஆயினும் விதி நீங்கியது மட்டும் காரணம் ஆகாது. பாட்டுக் கேட்பவர்கள் எஃப்.எம். பக்கம் போய்விட்டதால், பழைய ஏ.எம். அலைவரிசை நிலையங்கள் செலவில்லாத நிகழ்ச்சிக்குத் தவித்துக்கொண்டிருந்தன. லிம்பாவின் மூன்று மணி நேரமோ, விளம்பர நிமிடங்களில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் போதும் என்ற ஏற்பாட்டில் பணமின்றியே கிடைத்தது.

2020 பிப்ரவரியில் கொரோனாவைச் சாதாரணச் சளி என்று சொன்ன அவர், ஓராண்டு கழித்து நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அப்போதும் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை; அந்த ஆண்டு ஜூன் வரை, பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அவர் குரல் அதே நண்பகல் நேரத்தில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.